ரூட் கெனாலில் மருந்து கசிந்து கன்னம் வீங்கினால்

வணக்கம். நேற்று மாலை மேல் கடைவாய்ப் பல்லுக்கு ரூட் கெனால் செய்யும்போது அம்மா திடீரென்று வலியில் துடித்ததாகவும், சில நிமிடங்களிலேயே கன்னம் வீங்கியதாகவும், இன்று கண்ணுக்குக் கீழே கன்றிப்போயிருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். பல் மருத்துவராகச் சொல்கிறேன், இது அலர்ஜி போலத் தெரியவில்லை. வேரைக் கழுவும் சோடியம் ஹைப்போகுளோரைட் வேர் நுனியைத் தாண்டிச் சதைக்குள் போயிருக்க வேண்டும். அது ப்ளீச் திரவம்தான். பல்லுக்குள் கிருமியையும் அழுகிய சதையையும் கரைக்கும், வெளியே போனால் நல்ல சதையையும் அரிக்கும்.

முதலில் ஒன்று பாருங்கள். மூச்சுவிடவோ விழுங்கவோ சிரமம், பார்வை மங்கல், வீக்கம் கழுத்துக்கு இறங்குவது, காய்ச்சல், இதில் எது இருந்தாலும் காத்திருக்காமல் முகத்தாடை அறுவை மருத்துவர் இருக்கும் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

இல்லையென்றால், முதல் 24 மணி நேரம் துணியில் சுற்றிய ஐஸ், விட்டுவிட்டு ஒற்றுங்கள். அப்புறம் வெதுவெதுப்பான ஒத்தடம். ஆன்டிபயாட்டிக், ஸ்டீராய்டு வேண்டுமா என்பதை நேரில் பார்ப்பவர்தான் முடிவு செய்ய வேண்டும், கடையில் நீங்களாக வாங்காதீர்கள். இன்றே ரூட் கெனால் செய்த மருத்துவரிடம் மறுபடி காட்டி, எந்தத் திரவம், எவ்வளவு செறிவு என்று கேட்டு எழுதி வாங்குங்கள். அது உங்கள் உரிமை.

கன்றல் கீழே இறங்கி மஞ்சளாகும், பயப்படாதீர்கள். பெரும்பாலும் சில வாரங்களில் சரியாகும். மரத்துப்போன உணர்வு மட்டும் சிலருக்குக் கூடுதல் நாள் நிற்கும். பல்லைப் பிடுங்க அவசரம் வேண்டாம். வீக்கம் வடிந்ததும் சிகிச்சையைத் தொடரலாம். பக்கவாட்டில் துளையுள்ள ஊசியை வேருக்குள் இறுக்காமல், மெதுவாகக் கழுவச் சொல்லுங்கள்.