காபி குடித்தது மறக்கிறது, கல்யாணச் சாமான் மறக்கவில்லை: ஞாபகம் பற்றிக் கேள்வி பதில்

காரைக்குடிப் பக்கம் ஒரு கல்லூரியில் முப்பது வருஷம் உளவியல் சொல்லிக்கொடுத்தவன் நான். “ஞாபகசக்தி பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள்” என்று போன வாரம் வாயைக் கொடுத்துவிட்டேன், கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

காரைக்குடி, மளிகைக் கடைக்காரர்: யாராவது போன் நம்பர் சொன்னால் பேனா எடுப்பதற்குள் பறந்துவிடுகிறது. முப்பது வருஷத்துக்கு முந்தைய கடை நம்பர் மட்டும் வாயிலேயே நிற்கிறது. ஏன்?

அண்ணே, இப்போது கேட்ட நம்பர் தங்குவது குறுகியகால நினைவில். மனசுக்குள் முணுமுணுத்துக்கொண்டே இருக்கிறவரைதான் அதற்கு ஆயுசு. 1959இல் பீட்டர்சன் தம்பதி இதைச் சோதித்துப் பார்த்தார்கள். மூன்றே மூன்று எழுத்தைச் சொல்வார்கள். உடனே ஒரு எண்ணைக் கொடுத்து, மூன்று மூன்றாகக் குறைத்துக்கொண்டே வரச் சொல்வார்கள். முணுமுணுக்க வழியில்லை. 18 விநாடியில் அந்த எழுத்துகள் பெரும்பாலும் காலி. உங்கள் கடையில் நம்பரைக் கேட்கும்போதே பக்கத்தில் ஒருவர் “துவரம்பருப்பு அரைக் கிலோ” என்கிறாரே, அதே சோதனைதான் நடக்கிறது.

இடமும் சின்னது. ஏழு விஷயம், ஒன்றிரண்டு கூடவோ குறையவோ பிடிக்கும் என்றார் ஜார்ஜ் மில்லர், 1956இல். நெல்சன் கோவன் 2001இல் அதை நான்காகக் குறைத்துவிட்டார். ஆனால் எதை ‘ஒன்று’ என்று எண்ணுகிறோம் என்பதில்தான் சூட்சுமம். 04565 வெளியூர்க்காரருக்கு ஐந்து இலக்கம். நமக்கு அது ஒரே சொல்: காரைக்குடி. மொபைல் நம்பரையும் இரண்டு மூன்று துண்டாக உடைத்துச் சொல்லச் சொல்லுங்கள், பேனா கிடைக்கிறவரை தாங்கும். பழைய கடை நம்பர் கதை வேறு. அதை அடுத்த பதிலில் சேர்த்துச் சொல்கிறேன்.

கண்டனூர், ஓய்வுபெற்ற ஆசிரியர்: அந்தக் காலத்து ஆட்கள் மாகாணி வாய்ப்பாட்டைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்களே, அவர்களுக்கு மூளையே வேறா?

அதே மூளைதான் சார். எங்கள் ஐயா சின்ன வயதில் மலாயாவில் ஒரு வட்டிக்கடையில் பெட்டியடிப் பையனாக இருந்தவர். எண்பது வயதிலும் ‘நாலு மாகாணி கால், எட்டு மாகாணி அரை’ என்று விரலைத் தொடையில் தட்டிக்கொண்டே சொல்வார். மாகாணி 16இல் ஒரு பங்கு, முந்திரி 320இல் ஒரு பங்கு, காணி 80இல் ஒரு பங்கு. இந்தப் பின்னங்களை வைத்து வட்டியை வாயிலேயே போட்டுவிடுவார். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை முறை வைத்துச் சொன்னது. பிறகு கடையில் தினமும் பயன்பட்டது.

இந்த ‘இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்ப’ என்பது நரம்பில் என்ன செய்கிறது என்று எரிக் காண்டெல் காட்டினார். 2000இல் நோபல் பரிசு வாங்கியவர். அப்லிசியா என்ற கடல் முயலை எடுத்துக்கொண்டார். ஓடு இல்லாத நத்தை மாதிரி இருக்கும், நரம்பணுக்கள் கண்ணுக்கே தெரிகிற அளவு பெரிசு. அதன் வாலில் ஒரு தடவை அதிர்ச்சி கொடுத்தால், லேசாகத் தொட்டாலும் செவுளைச் சட்டென்று உள்ளே இழுத்துக்கொள்ளும். சில நிமிஷத்தில் அந்தப் பயம் போய்விடும். அந்தச் சில நிமிஷமும், ஏற்கெனவே இருக்கிற நரம்பிணைப்பு கொஞ்ச நேரம் கூடுதலாக வேலை செய்ததுதான். இடைவெளி விட்டுப் பல தடவை கொடுத்தால் பயம் நாள்கணக்கில் நிற்கும். அதற்கு நரம்பணுவின் மரபணுக்கள் முடுக்கப்பட்டு, புதுப் புரதம் உண்டாகி, புது இணைப்புகளே முளைக்க வேண்டும். புரதம் உண்டாகாமல் தடுத்தால் குறுகியகால நினைவு வரும், நீண்டகால நினைவு மட்டும் வராது.

நீண்டகால ஞாபகம் என்றால் நரம்பில் கட்டட வேலை நடந்திருக்கிறது என்று அர்த்தம். கடைக்கார அண்ணன் தினம் பத்துப் பேரிடம் அந்த நம்பரைச் சொல்லிச் சொல்லியே கட்டிவிட்டார்.

பள்ளத்தூர், பேரன்: அப்பத்தாவுக்கு 84 வயது. கல்யாணத்துக்கு வந்த சாமானை வெள்ளி, பித்தளை, எனாமல் என்று வரிசையாகச் சொல்கிறார்கள். காபி குடித்த பத்தாவது நிமிஷம் “எனக்குக் காபி குடுக்கலையே” என்கிறார்கள். நடிக்கிறார்களா?

நடிப்பு இல்லை தம்பி. மறதி வரும்போது புதிசு முதலில் போகும், பழசு கடைசியில் போகும் என்று பிரெஞ்சுக்காரர் ரிபோ 1881லேயே எழுதிவிட்டார்.

காரணம் புரிய ஒரு மனிதரின் கதை போதும். ஹென்றி மொலேசன் என்ற அமெரிக்கருக்குக் கடுமையான வலிப்பு. 1953இல், அவருக்கு 27 வயதில், மூளையின் இரண்டு பக்கமும் ஹிப்போகாம்பஸ் என்ற பாகம் இருக்கிற பகுதியை அறுவை செய்து எடுத்தார்கள். வலிப்பு குறைந்தது. ஆனால் அதன் பிறகு புதிதாக எதுவும் நிற்கவில்லை. பேசிவிட்டு வெளியே போய்த் திரும்பி வந்தவர் அவருக்குப் புது ஆள். சின்ன வயது விஷயங்கள் இருந்தன. அவரை ஆராய்ந்த உளவியலாளர் பிரெண்டா மில்னர் அவருக்கு ஒரு நட்சத்திரப் படம் கொடுத்து, கண்ணாடியில் பார்த்துக்கொண்டே அதன் ஓரத்தில் கோடு போடச் சொன்னார். மூன்று நாளில் கை நன்றாகப் பழகிவிட்டது. ஆனால் இதைச் செய்ததாகவே அவருக்கு ஞாபகமில்லை! கை கற்றுக்கொள்கிற பாதை வேறு என்று அதில்தான் தெரிந்தது. உங்கள் அப்பத்தாவின் கை இன்னமும் கைமுறுக்கு சுற்றுகிறதா என்று பாருங்கள். சுற்றினால் ஆச்சரியப்பட வேண்டாம்.

புதுச் சம்பவத்தை முதலில் பிடித்து வைப்பது ஹிப்போகாம்பஸ். காலம் போகப்போக, முக்கியமாகத் தூக்கத்தில், மூளையின் மேற்பரப்பில் அது நிலைபெறும். கல்யாணச் சாமான் எப்போதோ அங்கே போய்விட்டது. காபிக்குத்தான் வாசலிலேயே ஆள் இல்லை.

ஒன்று சொல்லிவிடுகிறேன். “வயசாச்சு, அப்படித்தான்” என்று விட்டுவிடாதீர்கள். பி12 குறைவு, தைராய்டு, மனச்சோர்வு இவையெல்லாம் இதே மாதிரி மறதி தரும், இவற்றுக்கு வைத்தியம் உண்டு. ஒரு தடவை டாக்டரிடம் கூட்டிப்போங்கள். அதுவரை “இப்பத்தானே குடிச்சீங்க” என்று சண்டை போடாமல் அரை டம்ளர் கொடுங்கள்.

தேவகோட்டை, பிளஸ் டூ மாணவி: மூன்று தடவை படித்தேன், எல்லாம் தெரிந்த மாதிரி இருந்தது. பரீட்சையில் வரவில்லை.

தெரிந்த மாதிரி இருந்ததே, அங்கேதான் ஏமாந்தாய் பாப்பா. ரோடிகர், கார்பிக்கி இருவரும் 2006இல் மாணவர்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு கூட்டம் திரும்பப் படித்தது. இன்னொன்று புத்தகத்தை மூடிவிட்டு ஞாபகத்திலிருந்து எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிஷம் கழித்துக் கேட்டபோது திரும்பப் படித்தவர்கள் முன்னால். ஒரு வாரம் கழித்துக் கேட்டால், எழுதிப் பார்த்தவர்கள் முன்னால். நாளைக்கு, நாலாம் நாள், பத்தாம் நாள் என்று மூடிவைத்து எழுதிப் பார். முந்தின ராத்திரி தூங்கு.

கொத்தமங்கலம்: வல்லாரை சாப்பிட்டால் மார்க் வருமா?

துவையல் நன்றாக இருக்கும். மார்க்குக்கு மேலே பாப்பாவுக்குச் சொன்னதைப் படியுங்கள்.

கோட்டையூர், இல்லத்தரசி: வளவில் (வீட்டின் உள்முற்றப் பகுதியில்) நினைத்துக்கொண்டு கிளம்புவது அடுப்படிக்குப் போனதும் மறந்துவிடுகிறது.

எனக்கும்தான் ஆச்சி. நம் செட்டிநாட்டு வீடுகளின் நீளம் அப்படி. கிளம்பின இடத்துக்கே திரும்பிப் போய் நில்லுங்கள், பெரும்பாலும் வந்துவிடும். ஞாபகம் இடத்தோடு ஒட்டிக்கொள்ளும். கோடனும் பேட்லியும் 1975இல் முக்குளிப்பவர்களைத் தண்ணீருக்கடியிலும் கரையிலும் சொற்பட்டியல் கற்க வைத்தார்கள். தண்ணீரில் கற்றது தண்ணீரில்தான் நன்றாக வந்தது.

இதையே உங்களுக்கு வேலை செய்ய வைக்கலாம். கிரேக்கர் காலத்துத் தந்திரம்: வாங்க வேண்டிய சாமானை வீட்டின் ஒவ்வொரு இடத்திலும் மனசுக்குள் வைத்துப் பார்ப்பது. திண்ணையில் ஆளுயரத் தேங்காய் ஒன்று உட்கார்ந்திருக்கிறது, முகப்பில் காலடியெல்லாம் கடுகு நறநறக்கிறது, வளவுத் தூணில் எண்ணெய் வழிகிறது, முற்றத்துத் தொட்டியில் வெல்லம் மிதக்கிறது. மனசாலே ஒரு நடை போய் வந்தால் சந்தைச் சீட்டு தயார். படம் எவ்வளவு கோணலோ அவ்வளவு நல்லது.

புதுவயல்: அண்ணன் கல்யாணத்தில் சித்தப்பா கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் போனார் என்கிறேன் நான். இல்லவே இல்லை என்கிறான் அண்ணன். யார் சரி?

இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. பழைய நினைவை எடுக்கும்போதெல்லாம் மூளை அதைக் கொஞ்சம் புதுசாகக் கட்டித்தான் தருகிறது. எலிசபெத் லாஃப்டஸ் 1974இல் ஒரே கார் விபத்துப் படத்தைக் காட்டி, சிலரிடம் “நொறுங்க மோதியபோது” என்ன வேகம் என்றும் சிலரிடம் “தொட்டபோது” என்ன வேகம் என்றும் கேட்டார். ஒரு சொல் மாறியதற்கே முதல் கூட்டம் மணிக்குச் சுமார் 41 மைல் என்றது, மற்றது 32.

மொய் நோட்டு பத்திரமாக இருந்தால் எடுத்துப் பாருங்கள். சித்தப்பா எழுதினாரா என்று தெரியும். சாப்பிட்டாரா என்பதற்கு அவரையே கேளுங்கள், அவரிடம் மூன்றாவதாக ஒரு கதை இருக்கும்.