சீதனத்துக்கு வைத்த காசில் மகள் படிக்கலாமா?

வணக்கம் ஐயா. மகளின் மேற்படிப்பு பற்றி ஆலோசனை கேட்க, போன சனிக்கிழமை வெள்ளவத்தைக்கு மூன்று பேரும் என்னிடம் வந்திருந்தீர்கள். மகளிடம் ஏழெட்டுக் கேள்வி கேட்டிருப்பேன். எல்லாவற்றுக்கும் நீங்களே பதில் சொன்னீர்கள், அவளுக்கு என்ன பாடம் பிடிக்கும் என்பதற்குக்கூட. அம்மா ஒரேயொரு தடவைதான் வாய் திறந்தார், அதுவும் குடையை எங்கே வைத்தோம் என்று கேட்க. குறையாகச் சொல்லவில்லை. என்னிடம் வருகிற அநேகமான குடும்பங்கள் இப்படித்தான்.

நீங்கள் கார் எடுக்கப் போன நேரத்தில் அவள் சொன்னாள், தனக்கு கியூ.எஸ். (கட்டட வேலைக்கான அளவும் செலவும் கணக்கிடும் துறை) படிக்க விருப்பமாம். உங்களிடம் சொல்லலாமா என்று கேட்டேன். சரி என்றாள்.

"வெயிலில் சைட்டில் நிற்கிற வேலை பொம்பிளைப் பிள்ளைக்கு எதற்கு?" என்பீர்கள். அந்த வேலையில் பெரும்பகுதி மேசையில்தான் நடக்கிறது. வரைபடத்தைப் பார்த்து எவ்வளவு கொங்கிறீட், எவ்வளவு கம்பி, எவ்வளவு காசு என்று கணக்கெடுத்து பி.ஓ.கியூ. என்கிற அளவு, விலைப் பட்டியலைத் தயாரிப்பது. நடந்த வேலையை அளந்து பில் போட இடைக்கிடை சைட்டுக்கும் போகத்தான் வேண்டும். போகட்டுமே! நேர்முகப் பரீட்சையில் சைட்டில் பெண்களுக்குத் தனிக் கழிப்பறை இருக்கிறதா என்று வெட்கப்படாமல் கேட்கச் சொல்லுங்கள். பதில் வரும் விதத்திலேயே அந்த இடம் எப்படிப்பட்டது என்று தெரிந்துவிடும். பாலியல் தொந்தரவு 1995இலிருந்து நம் தண்டனைச் சட்டக்கோவையில் ஒரு குற்றம். ஐந்து வருடம் வரை சிறை. அவளை வீட்டில் வைத்துக்கொள்வதை விட, அந்தச் சட்டத்தை அவளுக்குத் தெரியப்படுத்துவது நல்ல பாதுகாப்பு.

மொறட்டுவையில் இந்தப் பட்டப்படிப்பு இருக்கிறது. ஆனால் உயர்தரத்தில் இரண்டு பி, ஒரு சியோடு கொழும்பு மாவட்டத்தில் அனுமதிக்குத் தேவையான இசட் புள்ளியை எட்டுவது கஷ்டம். அப்படியானால் கட்டணம் கட்டித்தான் படிக்க வேண்டும். தனியார் நிறுவனத்தில் சேர்க்கும் முன் அந்தப் பட்டத்துக்கு ஆர்.ஐ.சி.எஸ். என்கிற பிரித்தானியத் தொழில்சார் அமைப்பின் அங்கீகாரம் இருக்கிறதா என்று கேளுங்கள். கட்டடத்தின் பளபளப்பைப் பார்த்துக் காசைக் கட்டிவிடாதீர்கள்.

காசு என்றதும் உங்கள் முகம் மாறியதைக் கவனித்தேன். மகள் பெயரில் இருக்கிற தொகை சீதனத்துக்கு, தம்பியின் படிப்புக்கு வேறு காசு. அவன் இன்னும் சாதாரண தரம்கூட எழுதவில்லை, அதற்குள் வெளிநாட்டுக்குத் திட்டம் தயார்.

நீங்கள் யாழ்ப்பாணத்து ஆட்கள். ஊரை நிரந்தர இருப்பிடமாக வைத்திருக்கும் வரை, கொழும்பில் இருந்தாலும் தேசவழமை, அதாவது வடக்குத் தமிழருக்கான சொத்துச் சட்டம், கூடவே வரும். அந்தக் காசில் ஒரு பிளாட் வாங்கிச் சீதனமாக எழுதிக் கொடுத்தால் அது அவள் பெயரில்தான் இருக்கும். ஆனால் அதை விற்கவோ ஈடு வைக்கவோ கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். அவர் மறுத்தால் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். 1911ஆம் ஆண்டுச் சட்டத்தில் எழுதிய விதி இது. படிப்புக்கு அந்தக் கையெழுத்து தேவையில்லை.

வேலைக்குப் போனால் ஊழியர் சேமலாப நிதியில் அவள் சம்பளத்தில் 8 வீதமும் முதலாளியின் 12 வீதமும் சேரும். அது அவள் பெயரில், யாரையும் கேட்கத் தேவையில்லை. இதிலும் ஒரு வேடிக்கை உண்டு. கலியாணத்துக்காக வேலையை விடும் பெண் அந்தக் காசை முன்கூட்டியே எடுக்கலாம், ஆணுக்கு அந்த வசதி இல்லை. சலுகை மாதிரித்தான் தெரியும். பெண் என்றால் கலியாணத்தோடு வேலையை விட்டுவிடுவாள் என்று சட்டமே நினைத்திருக்கிறது, அவ்வளவுதான். கைநிறையக் காசைப் பார்த்து எடுத்துவிட்டு, நாற்பது வயதில் திரும்ப வேலை தேடி வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். மகளுக்கு இதை இப்போதே சொல்லி வையுங்கள்.

இந்த நாட்டில் பல்கலைக்கழகம் போகிறவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். ஆனால் உழைக்கும் வயதுப் பெண்களில் வேலை செய்கிறவர்களும் தேடுகிறவர்களும் சேர்த்தே ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். படித்த பிள்ளைகள் இடையில் எங்கே போனார்கள்? அநேகமாக ஏதோ ஒரு வீட்டில் யாரோ அவர்களுக்காகப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். கோபிக்காதீர்கள் ஐயா, என் அப்பாவும் அப்படித்தான்.

"மாப்பிள்ளை வீட்டார் என்ன சொல்வார்கள்" என்று கேட்டீர்கள். இன்னும் வராத ஒரு வீட்டாரின் விருப்பத்துக்காக, வீட்டில் இருக்கிற பிள்ளையின் விருப்பத்தைத் தள்ளிவைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. சீதனத் தொகையில் பாதியையாவது முதல் இரண்டு வருடக் கட்டணத்துக்கு ஒதுக்குங்கள். மிச்சத்தை அவள் பெறுபேறு வர வரப் பார்க்கலாம்.

வருகிற சனிக்கிழமை பத்து மணிக்கு மகள் தனியாக வரட்டும், 101 பஸ் வாசலிலேயே நிற்கும். அதற்கடுத்த வாரம் தம்பியைக் கூட்டி வாருங்கள். வெளிநாடு போக விருப்பமா என்று அவனிடமும் யாரும் கேட்கவில்லை போலிருக்கிறது.