எடை மாறியும் கிராணி கண்ணில் படவில்லையா?

எடைப் பட்டியல் காட்டும் கணினித் திரையை முழுசாக அழித்து மறுபடி வரையாதீர்கள். மாறிய எண்ணை மட்டும் மாற்றுங்கள். பாஹாவ் செம்பனை ஆலை எடைமேடையில், பட்டியல் 5 விநாடிக்கொருமுறை புதுப்பிக்கும்போது லோரி எடை மாறுவதைக் கிராணி (எழுத்தர்) தவறவிடுகிறார் என்கிறீர்கள். அவர் மேல் குற்றமில்லை.

நடுவில் திரை ஒரு கணம் வெள்ளையாவதுதான் காரணமாக இருக்கும். எண் மாறும் இடத்து அசைவுதான் கண்ணை இழுக்கும். திரையே மின்னினால் அது அமுங்கிப்போகும். 1997இல் பார்வை ஆய்வாளர் ரென்சிங்க் குழுவினர், ஓரிடத்தில் மட்டும் வேறுபடும் இரு படங்களை மாற்றி மாற்றிக் காட்டி, நடுவே 80 மில்லிவிநாடி வெற்றுத்திரை வைத்தார்கள். பார்த்தவர்களுக்குப் பெரிய மாற்றங்கள்கூட வெகுநேரம் பிடிபடவில்லை.

12.40 டன்னை 14.20 ஆக்கி, திரை மின்னும்படி ஒருமுறை, மின்னாமல் ஒருமுறை அவரிடமே காட்டிப் பாருங்கள்.

சீட்டெழுதக் குனிந்திருந்தால் இதுவும் உதவாது. மாறிய கட்டம் அவர் அதைத் தட்டும்வரை மஞ்சளாகவே இருக்கட்டும்.