கொடுத்தால் குற்றம், விற்றால் கிரயம்

அன்புள்ள ஐயா,

கனடாவின் பூர்வகுடிகளான பிளாக்ஃபுட் மக்களுக்கு அவர்களுடைய புனிதப் பொதிகளை அருங்காட்சியகம் திருப்பிக் கொடுத்ததை நீதி என்று எழுதியிருந்தீர்கள். நான் முப்பது ஆண்டுகளாக சிவில் வழக்குகள் நடத்துபவன். அந்தப் பொதிகளில் பல விலைக்கு வாங்கப்பட்டவை. விற்றவரை யாரும் மிரட்டவில்லை. வாங்கியவர் பணம் கொடுத்திருக்கிறார். பிறகு மனமிரங்கித் திருப்பிக் கொடுத்தால் அது தாராள குணம். நீதி எங்கிருந்து வருகிறது?

எஸ்., திருச்சி

அன்புள்ள எஸ்.,

நீங்கள் ரசீதைப் பார்க்கிறீர்கள். அது எழுதப்படுவதற்கு முன் நடந்ததையும் பாருங்கள்.

இடியின் புகைக்குழல் பொதி என்று ஒன்று உண்டு. தோலும் துணியுமாகப் பல சுற்றுச் சுற்றிய கட்டு. உள்ளே இறகுகளும் பறவைத் தோல்களும் சூடிய நீண்ட குழல். வசந்தத்தின் முதல் இடி கேட்ட பிறகே அதை அவிழ்ப்பார்கள். வாசனைப் புல்லின் புகை காட்டி, அதற்குரிய பாட்டுகளைப் பாடி எடுப்பார்கள். அவர்களுக்கு அது உயிருள்ளது. வீட்டில் வைத்திருக்கும் தம்பதியர் குழந்தையைப் போலப் பார்த்துக்கொள்வார்கள். சில ஆண்டுகளில் சடங்கு நடத்தி இன்னொருவரிடம் ஒப்படைப்பார்கள். பாட்டுகளும், முகத்தில் வண்ணம் பூசும் உரிமையும் கூடவே கைமாறும். பெறுபவர் குதிரைகளும் கம்பளிகளும் கொடுப்பார். ஒப்படைத்தவர்கள் அவருக்குச் சடங்கு முறையில் தாத்தா பாட்டி ஆகிறார்கள்.

1895ல் கனடா, பூர்வகுடிகளை ‘இந்தியர்’ என்று அழைக்கும் தன் இந்தியர் சட்டத்தைத் திருத்தியது. பணமோ பொருளோ கொடுப்பது ஓர் அங்கமாக இருக்கும் எந்தச் சடங்கும் குற்றம். இரண்டு முதல் ஆறு மாதம் வரை சிறை. பொதியை ஒப்படைக்கும் சடங்கு இந்த வாசகத்துக்குள் அப்படியே அடங்கிவிடுகிறது. 1951 வரை இந்தத் தடை இருந்தது. பிளாக்ஃபுட் மக்களில் ஒரு பிரிவினரான கைனாய்களுக்கு ஒதுக்கப்பட்ட நிலப்பகுதியில் (ரிசர்வ்) இருந்த அரசு ஏஜெண்ட் இதற்கும் மேலே போனார். ஓகான் என்னும் சூரிய நடனத்துக்கு முழு நாக்குகள் படைக்க வேண்டும் என்று தெரிந்து, ரேஷன் மாட்டிறைச்சியில் நாக்கை முழுதாகத் தர மறுத்தார். எருமைகள் அழிந்து, ரேஷனை நம்பியே உயிர் வாழ்ந்த மக்களிடம் இதைச் செய்தார். எத்தனை முறை படித்தாலும் எனக்கு ஆறவில்லை.

பொதியைப் பெற்றுக்கொள்ள வேண்டிய பிள்ளைகளோ, பெற்றோரிடமிருந்து பிரித்து வைக்கும் உறைவிடப் பள்ளிகளில் அடைபட்டிருந்தார்கள். வயதான காப்பாளர் என்ன செய்வார்? அடுத்தவருக்குக் கொடுத்தால் சிறை. சேகரிப்பாளருக்கு விற்றால் காசு. மிரட்டல் எங்கே என்று கேட்டீர்கள். சட்டப் புத்தகத்திலேயே இருந்தது. தனக்குச் சொந்தமில்லாததை ஒருவர் விற்க முடியாது என்பது நீங்கள் படித்த சட்டத்தின் அரிச்சுவடி. பொதி யாருக்கும் தனிச்சொத்தாக இருந்ததே இல்லை.

ஒரு வழக்கு உங்களுக்கு நினைவிருக்கும். 1976ல் தமிழ்நாட்டின் பத்தூரில் மண்ணுக்கடியில் கிடைத்த நடராஜரை 1982ல் நல்லெண்ணத்தோடு விலை கொடுத்து வாங்கியதாக வாதாடியது ஒரு கனடா நிறுவனம். அது பிளாக்ஃபுட் மண்ணான அதே ஆல்பெர்ட்டா மாகாணத்தைச் சேர்ந்தது. கோயிலே வழக்காடலாம் என்று லண்டன் நீதிமன்றம் ஏற்றது. 1991ல் நடராஜர் திரும்பி வந்தார். அதைத் தாராள குணம் என்றா சொல்வீர்கள்?

கல்கரியின் கிளென்போ அருங்காட்சியகம் 1990ல் ஓர் இடிக்குழல் பொதியைக் கைனாய்களுக்குக் கொடுத்தது, இரவலாக. தங்கள் வீட்டுப் பிள்ளையையே இரவல் வாங்கிப் போனார்கள். 2000ல் ஆல்பெர்ட்டா தனிச்சட்டம் இயற்றிய பிறகுதான் 251 புனிதப் பொருள்களின் உரிமை பிளாக்ஃபுட் மக்களிடம் வந்தது. அவற்றுக்குரிய பாட்டுகளைப் பாடத் தெரிந்த முதியவர்களில் பலர் அதற்குள் இறந்துவிட்டிருந்தார்கள்.