கை பழகிவிடும், குரலுக்குத்தான் நாளாகும்

தங்கச்சி, இந்திய சைகைமொழியில் டிப்ளமோ முடித்து இரண்டு வருடம் மொழிபெயர்ப்பாளராக இருந்துவிட்டு பிரிட்டன் வந்திருக்கிறீர்கள். நேரடியாக வேலைக்குப் போகலாமா, மறுபடி முதலிலிருந்து படிக்கணுமா என்று கேட்டிருந்தீர்கள். நேரடியாக முடியாது. ஆனால் படித்தது எதுவும் வீண் போகாது.

பிரிட்டிஷ் சைகைமொழி தனி மொழி. இரு கையால் காட்டும் ஆங்கில எழுத்துகளில் பல நம்முடையவை போலவே இருக்கும். அதை நம்பி இறங்கிவிடாதீர்கள், சொற்கள் வேறு.

இங்கே நிலை 1, 2, 3 என்று ஏறி நிலை 6 வரை மொழியைப் படிக்கணும். மொழிபெயர்ப்புக்குத் தனிப் பயிற்சி உண்டு. முதலில் பயிற்சி நிலைப் பதிவு, பிறகு முழுப் பதிவு. சைகைமொழி மொழிபெயர்ப்பாளர்களின் பதிவேட்டை நடத்துவது என்ஆர்சிபிடி (NRCPD) என்ற அமைப்பு. பயிற்சி நிலையில் காவல் நிலையம், நீதிமன்ற வேலைகளை ஏற்கக்கூடாது. ஒரு சொல் பிசகினால் ஒருவர் சிறைக்குப் போகக்கூடிய இடம் அது, அந்தக் கட்டுப்பாடு சரியானதுதான். முழுப் பதிவு கிடைத்த பிறகும் வருடத்துக்கு 24 மணி நேரம் தொடர்பயிற்சி காட்டணும்.

நீங்கள் கைகளைப் பற்றித்தான் கவலைப்பட்டு எழுதியிருக்கிறீர்கள். எனக்குக் கஷ்டமாக இருந்தது குரல். காது கேளாதவர் சைகையில் சொல்வதை ஆங்கிலத்தில் பேசும்போது, கேட்பவர்களுக்கு அவருடைய குரல் நாம்தான். ஆரம்பத்தில் ஒரு அலுவலகக் கூட்டத்தில், பல வருட அனுபவமுள்ள ஒரு காது கேளாத அதிகாரிக்காகப் பேசினேன். அவர் தடையில்லாமல் வாதாடினார். நான் ஒரு ஆங்கிலச் சொல்லைத் தேடித் தேடி நின்றேன். தலைவர் அவரைப் பார்த்து, "அவசரமில்லை, யோசித்துச் சொல்லுங்கள்" என்றார். தடுமாறியது நான், பெயர் கெட்டது அவருக்கு. அங்கேயே நிறுத்தி, தயக்கம் என்னுடையது என்று சொல்லியிருக்கணும். வெளியே வந்த பிறகுதான் அவரிடம் சொன்னேன். இன்றும் உறுத்துகிறது. தினம் கொஞ்ச நேரம் சைகைமொழிக் காணொளியைப் பார்த்து ஆங்கிலத்தில் பேசிப் பதிவு செய்து கேளுங்கள். மருத்துவர், வக்கீல், டீன்ஏஜ் பையன் என்று ஒவ்வொருவருக்கும் ஏற்ற நடை வருகிறதா என்று பாருங்கள்.

நீண்ட கூட்டமென்றால் இருவராகப் போவோம், 20 நிமிடத்துக்கு ஒருமுறை மாறிக்கொள்வோம். ஓய்வில் இருப்பவர் சும்மா இருப்பதில்லை. தவறிய எண்ணையும் பெயரையும் எடுத்துக் கொடுப்பது அவர் வேலை.

ஒரு விஷயத்தை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். காது கேளாத பிள்ளை உள்ள தமிழ்க் குடும்பங்கள் மருத்துவமனை போன்ற இடங்களில் உங்களைப் பார்த்தவுடன், "நீங்க நம்ம ஆளு, எங்களுக்குத் தமிழிலும் சொல்லுங்களேன்" என்பார்கள். அவர்கள் தவிப்பு உண்மையானது, மறுக்க மனசு வராது. ஆனால் மூன்று மொழியை ஒரே ஆள் தூக்கினால் முதலில் விடுபடுவது பிள்ளையின் சைகைதான். தமிழுக்குத் தனி மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று, உங்களை அந்த வேலைக்கு அழைக்கும்போதே கேட்டு வாங்குங்கள். பிள்ளையின் மருத்துவச் செய்தியை அப்புறம் உறவினர் யார் கேட்டாலும் வாய் திறக்கக்கூடாது.

வகுப்பில் சேரும் முன்பே பக்கத்திலுள்ள காது கேளாதோர் சங்கத்துக்குப் போய்விடுங்கள். மொழிபெயர்ப்பாளர் என்று அறிமுகம் செய்துகொள்ள வேண்டாம், மொழி கற்க வந்தவள் என்று சொல்லுங்கள். புரியாவிட்டால் தலையாட்டாமல் திரும்பக் கேளுங்கள். எந்த ஊர்ப் பக்கம் தங்கியிருக்கிறீர்கள் என்று சொன்னால், அங்கே எந்த நிலை வகுப்பு நடக்கிறது என்று விசாரித்துச் சொல்கிறேன்.