பூவை முதலில் பாருங்கள், தலை அப்புறம்

கேள்வி: இஸ்தான்புல் போனபோது அருங்காட்சியகத்தில் உள்ளங்கையில் பாதி அகலத்துக்கு ஒரு நாணயத்தைப் படம் எடுத்தேன். 'பைசாந்தியம், வெண்கலம்' என்பதற்கு மேல் அட்டையில் எதுவும் இல்லை. ஒரு பக்கம் தேய்ந்த முகம். மறுபக்கம் பெரிய 'எம்', சுற்றிச் சின்ன எழுத்துகள். யார் காலத்தது? கடைவீதியில் இதே மாதிரி விற்கிறார்கள், வாங்கலாமா?

பதில்: எல்லாரும் முகத்தைத்தான் உற்றுப் பார்ப்பார்கள். 'எம்' இருக்கும் பூப் பக்கம்தான் அதிகம் பேசும்.

அந்த 'எம்' கிரேக்க எழுத்து, மதிப்பு 40. ரோமன் எண்ணாக எடுத்து ஆயிரம் என்று படித்துவிடாதீர்கள். நும்மி என்பது அன்றைய சின்னச் சில்லறைக் காசு. நாற்பது நும்மி பெறும் ஃபாலிஸ் என்ற வெண்கலக் காசு இது. அரசர் அனஸ்தாசியுஸ் 498இல் கொண்டுவந்த முறை. அதற்கு முன் புழங்கிய ஒற்றை நும்மி, விரல் நகத்தைவிடச் சின்னது. எண்ணி மாளாது! 'கே' இருந்தால் 20, 'ஐ' என்றால் 10.

உங்கள் படத்தில் இடப்பக்கம் மேலிருந்து கீழாக 'ஏ, என், என், ஓ': லத்தீனில் ஆண்டு, அதாவது அரசரின் ஆட்சியாண்டு. வலப்பக்கம் 'எக்ஸ், ஐ, ஐ': இது மட்டும் ரோமன் எண், பன்னிரண்டு. (வேறு காசுகளில் 'ஜி' மாதிரி ஒரு குறி வந்தால் அது ஆறு. பலரும் தடுமாறும் இடம்.) அடியில் 'சி, ஓ, என்' என்றால் கான்ஸ்டான்டிநோபிள் (இன்றைய இஸ்தான்புல்) அக்கசாலை, அதாவது நாணயம் அடிக்கும் இடம். 'எம்'மின் கால்களுக்கு நடுவே இருக்கும் 'பி', அங்கே இரண்டாவது பட்டறையில் அடித்தது என்பதற்கு அடையாளம்.

சரி, யாருடைய பன்னிரண்டாம் ஆண்டு? இப்போது தலையைத் திருப்புங்கள். அரசர் இரண்டாம் ஜஸ்டின் என்றால் அரசியோடு உட்கார்ந்திருப்பார். மொரீஷியுஸ் என்ற அரசரின் காசிலும் ஒற்றை முகம் நேராகப் பார்க்கும். ஆனால் அது சுமார் 3 சென்டிமீட்டர்தான். உங்களுடையது அளவுகோல் பக்கத்தில் 4 சென்டிமீட்டருக்கு மேல் காட்டுகிறது. ஆகவே முதலாம் ஜஸ்டினியன். 527இல் பட்டத்துக்கு வந்தவர். பன்னிரண்டாம் ஆண்டு 538-539. பக்கவாட்டு முகத்தை விட்டு நேர்முகம் போட்டு, ஆண்டையும் பொறிக்கத் தொடங்கிய ஆண்டே அதுதான். எடை 23 கிராம் அளவில் இருக்கும். நம் பத்து ரூபாய் நாணயம் மூன்றைச் சேர்த்துப் பிடித்தது போல. பிற்பாடு காசு இளைத்துக்கொண்டே போனது.

வாங்குவதா? வேண்டாம். துருக்கியிலிருந்து பழங்காசு வெளியே கொண்டுபோவது குற்றம். விமான நிலையத்திலேயே பிடிப்பார்கள். கடைவீதியில் கிடைப்பதில் பெரும்பாலும் வார்ப்புப் போலிதான் என்பது வேறு. விளிம்பில் விரலை ஓட்டினால் அச்சின் இரு பாதியும் சேர்ந்த கோடு தட்டுப்படும். அசல் காசு அடித்துச் செய்தது, அதில் அந்தக் கோடு வராது.