மாநாட்டுக்குப் போகக் காசு கேட்பது எப்படி?

திருத்துறைப்பூண்டி பக்கத்திலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். முனைவர் பட்ட மாணவர், நெல் வயல்களில் நத்தை குத்தி நாரை இரை தேடுவதைப் பற்றி ஆய்வு. பெங்களூருவில் நடக்கும் பறவை ஆய்வு மாநாடு ஒன்றில் பேச அவருடைய ஆய்வுச் சுருக்கம் தேர்வாகிவிட்டது. ஆனால் ஃபெலோஷிப் (ஆய்வு மாணவருக்கான மாத உதவித்தொகை) கிடையாது, அப்பா சம்பா நடவுக்கே கடன் வாங்கியிருக்கிறார். படிவத்தில் 'பயண உதவி', 'சிறந்த மாணவர் உரை விருது' என்று இரண்டு கட்டம் இருக்கிறதாம். இரண்டிலும் டிக் அடிக்கலாமா, ஒன்று கிடைத்தால் இன்னொன்று போய்விடுமா, வீட்டுக் கஷ்டத்தைக் கடிதத்தில் எழுதலாமா என்று கேட்கிறார்.

தம்பி, இரண்டிலும் டிக் அடியுங்கள். பயண உதவி என்பது நீங்கள் அங்கே வந்து சேர்வதற்கு, அதை மாநாட்டுக்கு முன்பே முடிவு செய்துவிடுவார்கள். விருது என்பது நீங்கள் மேடையில் பேசுவதைக் கேட்டு நடுவர்கள் போடும் மதிப்பெண். வழக்கமாக ஒன்று கிடைத்தால் இன்னொன்றைத் தடுக்காது, விதியில் வேறு மாதிரி இருந்தால் அங்கேயே எழுதியிருப்பார்கள், ஒருமுறை படித்துப் பாருங்கள். ஆனால் விருதுப் பணத்தை நம்பி ரயில் டிக்கெட் போடாதீர்கள். அப்புறம், பல மாநாடுகளில் விருதுக் கட்டத்தில் டிக் இல்லாவிட்டால் எவ்வளவு நன்றாகப் பேசினாலும் நடுவர்கள் உங்கள் உரையைக் கணக்கில் எடுக்க மாட்டார்கள்.

இப்போது கடிதம். உங்கள் மாதிரி மாணவர்கள் பெரும்பாலும் கோட்டை விடுவது இங்கேதான். 'சிறுவயதிலிருந்தே பறவைகள் என்றால் எனக்கு உயிர்' என்று ஆரம்பித்து ஒரு பக்கம் எழுதுவார்கள், தேர்வுக் குழுவில் இருப்பவர் அதே வரியை அன்றைக்கே பலமுறை படித்திருப்பார். உங்களிடம் அதைவிட நல்ல வரி இருக்கிறது: 'சம்பா நடவு முடிந்து தண்ணீர் நிற்கும் வயல்களில் நத்தை குத்தி நாரை எந்த ஆழத்தில் நத்தை எடுக்கிறது, உதயமார்த்தாண்டபுரம் பறவைகள் சரணாலயத்தில் கூடு கட்டும் பறவைகளுக்கு இந்த வயல்கள் எவ்வளவு முக்கியம் என்று பார்க்கிறேன்.' இவ்வளவுதான், அடுத்து என்ன கண்டுபிடித்தீர்கள் என்று இரண்டு வரி, இந்த மாநாட்டில் யாரிடம் எதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள நினைக்கிறீர்கள் என்று இரண்டு வரி. உதயமார்த்தாண்டபுரமும் வடுவூரும் 2022-இல் ராம்சார் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்தவை என்பதையும் ஒரு வரியில் சேருங்கள், வெளியூர்க்காரர்களுக்கு நம் ஏரிகளின் பெயர் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை.

வீட்டுக் கஷ்டத்தை எழுதலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் கதையாக வேண்டாம், கணக்காக எழுதுங்கள். 'எனக்கு ஃபெலோஷிப் இல்லை, குடும்ப வருமானம் விவசாயம் மட்டும்' என்று ஒரு வாக்கியம், அதன் கீழே செலவு. பதிவுக் கட்டணம், தஞ்சாவூரிலிருந்து மைசூர் எக்ஸ்பிரஸில் போக வர ஸ்லீப்பர் கட்டணம், மூன்று இரவு தங்க, சாப்பாடு, ஆட்டோ. உதாரணத்துக்கு மொத்தம் 9,400 ரூபாய் வருகிறது, கல்லூரி 2,000 தருகிறது, நான் 1,500 போடுகிறேன், மீதி 5,900 கேட்கிறேன், இப்படி. தானும் கொஞ்சம் போடுகிறார், கல்லூரியையும் கேட்டிருக்கிறார் என்று தெரிந்தால் குழுவுக்கு நம்பிக்கை வரும். செலவை உயர்த்திச் சொல்லாதீர்கள், ஸ்லீப்பரில் போகிறவர் ஏசி கட்டணம் எழுத வேண்டாம்.

ஆய்வு வழிகாட்டியின் பரிந்துரைக் கடிதத்தை இந்த வாரமே கேட்டுவிடுங்கள். பயண உதவிக்கான கடைசித் தேதி பல இடங்களில் பதிவுக்கான கடைசித் தேதிக்கு முன்பே முடிந்துவிடும்.

இன்னொரு முக்கியமான விஷயம், பெரும்பாலான உதவித்தொகை போய் வந்த பிறகுதான் கைக்கு வரும். அதனால் முதலில் யாரிடமாவது பணம் புரட்டியாக வேண்டும், 'முன்பணமாகத் தர வழியுண்டா?' என்று அமைப்பாளர்களுக்கு மின்னஞ்சலில் கேட்டுப் பாருங்கள், மாணவர் கேட்டால் சிலர் இசைவார்கள், குறைந்தது பதிவுக் கட்டணத்தையாவது தள்ளுபடி செய்வார்கள். உதவி கிடைக்கவில்லை என்றாலும் இதே மின்னஞ்சலை அனுப்பலாம், கட்டண விலக்கு, தன்னார்வலர் வேலை, இன்னொரு மாணவரோடு அறையைப் பகிர்வது எல்லாம் கேட்டால்தான் கிடைக்கும். பெங்களூருவில் 2010 முதல் நடக்கும் இயற்கைப் பாதுகாப்பு அறிவியல் மாணவர் மாநாட்டிலும் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க வழி உண்டு, அதையும் பார்த்து வையுங்கள்.

விருதுக்கான உரை பற்றிக் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். 12 நிமிடம் தந்தால் 10 நிமிடத்துக்குத் தயார் செய்யுங்கள். முதல் படத்திலேயே நத்தை குத்தி நாரையின் அலகைக் காட்டுங்கள்: வளர்ந்த பறவையின் அலகை மூடினாலும் நடுவில் இடைவெளி தெரியும், குஞ்சுக்கு அது இருக்காது. பார்த்தவுடன் அரங்கு நிமிர்ந்து உட்காரும். வரைபடத்தில் எழுத்து கடைசி வரிசைக்குத் தெரிய வேண்டும். நடுவர் கண்டிப்பாகக் கேட்பது, எத்தனை வயல், ஏன் அந்த வயல்கள், பூச்சிமருந்து அடித்த வயலைத் தனியாகப் பிரித்தீர்களா. இதற்குப் பதில் நாக்கு நுனியில் இருக்கட்டும்.

பிற்பாடு வெளிநாட்டு மாநாடு என்றால் கதையே வேறு. அமெரிக்கப் பறவையியல் சங்கம் மாணவர்களுக்குப் பயண விருதும் உரை விருதும் தருகிறது, சங்க உறுப்பினராக இருக்க வேண்டுமா என்று முதலில் பாருங்கள். இந்திய அரசின் பக்கம், வெளிநாட்டில் கட்டுரை வாசிக்கப் பயண உதவி தந்து வந்த எஸ்.இ.ஆர்.பி. (அறிவியல், பொறியியல் ஆராய்ச்சி வாரியம்), 2023 சட்டத்தின்படி வந்த ஏ.என்.ஆர்.எஃப். என்ற தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளையில் இணைந்துவிட்டது, அங்கே தேடுங்கள். பாஸ்போர்ட் இல்லையென்றால் திருச்சி அலுவலகத்துக்கு இப்போதே விண்ணப்பித்து விடுங்கள், சுருக்கம் தேர்வான பிறகு ஓடினால் விசாவுக்கு நேரம் போதாது.

சரி, கடைசியாக பில். ரயில் டிக்கெட்டின் அச்சுப் பிரதி, பதிவுக் கட்டண ரசீது, விடுதி பில், எல்லாம் உங்கள் பெயரில், ஆதாரிலும் வங்கிக் கணக்கிலும் இருக்கிற அதே எழுத்தில். இரண்டு பேர் ஒரே அறை என்றால் பில்லைப் பிரித்து வாங்குங்கள். ஜிபே ஸ்கிரீன்ஷாட்டைப் பல கணக்குப் பிரிவுகள் ஏற்பதில்லை, முத்திரை போட்ட ரசீது கேளுங்கள். ஒவ்வொன்றையும் அன்றன்றைக்கே போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டு, ஊருக்குத் திரும்பிய வாரத்திலேயே பங்கேற்புச் சான்றிதழோடு அனுப்பிவிடுங்கள்.